ஊருணித் தண்ணிப்பாம்பும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும்: செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஐப்பசி மழை விழுந்து வரத்துக்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் காரைக்குடி வட்டார வாட்ஸாப் குழுக்களில் பாம்புப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். அவற்றில் கணிசமானவை தண்ணிப்பாம்புதான். கீழே ஒருவர் “நல்லபாம்பு” என்பார், இன்னொருவர் “கண்ணாடி விரியன், அடிச்சிருங்க” என்பார். சரியான பெயர் வந்து சேர்வதற்குள் பாம்பு செத்திருக்கும். இந்த இடத்தில் ஐநேச்சுரலிஸ்ட் எந்த அளவுக்குக் கை கொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதுதான் இந்த மதிப்பீடு. 5-க்கு 4 கொடுக்கலாம். அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பது போகப் போகத் தெரியும்.

செயலி இலவசம். 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. இப்போது தனி இலாப நோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. நாம் பார்த்த உயிரினத்தின் படம், தேதி, இடம் மூன்றையும் ஏற்றினால், கணினி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். பிறகு ஆட்கள் வந்து சரிபார்ப்பார்கள். கணினியின் யோசனை வேறு, ஆட்களின் தீர்ப்பு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் “செயலி தப்பாச் சொல்லிருச்சு” என்று தூக்கிப்போட்டவர்கள் நிறைய.

முதலில், எந்தப் பாம்புக்காக இதை வைத்துக்கொள்கிறோம் என்று பார்த்துவிடலாம். நம் ஊருணி, கண்மாய், மடை, வயல் வாய்க்கால் எல்லாவற்றிலும் “தண்ணிப்பாம்பு” என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு இனங்கள் ஓடுகின்றன. உடம்பில் சதுரங்கக் கட்டம் போட்டது ஃபௌலியா பிஸ்கேட்டர். பாசி நிறத்தில் கட்டமே இல்லாமல், அடியில் வெளிர்மஞ்சளாக இருப்பது அட்ரீசியம் ஸ்கிஸ்டோசம். கிழக்கே தொண்டிப் பக்கம் கழிமுகச் சேற்றுக்குப் போனால் மூன்றாவதாக செர்பெரஸ் ரிங்கோப்ஸ் சேர்ந்துகொள்ளும். சின்னக் கண்கள் தலையின் மேல்பக்கம் இருக்கும், முட்டை இடாமல் குட்டி போடும், குடும்பமே வேறு. உவர்நீரைத் தேடுவது என்பதால் செம்பூராங்கல் படித்துறை உள்ள ஊருணியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். செயலி அந்தப் பெயரைச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

கட்டம் போட்டதன் அடையாளத்தை முகத்தில் தேட வேண்டும். கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு சாய்வாக இறங்கி உதட்டைத் தொடும். கண்ணுக்குப் பின்னால் இன்னொரு கோடு வாயின் ஓரத்தை நோக்கிப் போகும். நிறம் எப்படி மாறினாலும் இந்த இரண்டு கோடுகளும் பெரும்பாலும் மிச்சமிருக்கும். கட்டங்களை நம்பிப் பயனில்லை. வயதான பாம்பில் அவை மங்கிவிடும், சேறு பூசியிருந்தால் தெரியவே தெரியாது, சிலவற்றில் சிவப்பு கலந்திருக்கும். சாரையின் உதட்டிலும் கறுப்புக் கோடுகள் உண்டு. ஆனால் அவை உதட்டுச் செதில்களின் ஓரங்களில் வரிசையாக, செங்குத்தாக நிற்கும். தண்ணிப்பாம்பில் சாய்ந்த கோடு இரண்டே இரண்டு.

நல்லபாம்பு என்று அடிபடுவதற்குக் காரணம் இதன் மிரட்டல். ஒதுங்க வழியில்லாமல் மாட்டினால் தலையைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கி, சீறி, பலமாகக் கொத்தும். அந்த நேரத்துப் படம் கொஞ்சம் மசங்கலாக இருந்தால் கணினியும் தடுமாறத்தான் செய்யும். தெளிவாக இருந்தால் செதிலைப் பார்த்தே முடித்துவிடலாம். நல்லபாம்பின் மேலுதட்டில் மூன்றாவது செதில் பெரியது. முன்னால் மூக்குச் செதிலையும் பின்னால் கண்ணையும் அது தொட்டுக்கொண்டிருக்கும். தண்ணிப்பாம்பில் கண்ணைத் தொடுவது நான்காவதும் ஐந்தாவதும். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் தனியாக ஒரு சிறு செதிலும் உண்டு, அது நல்லபாம்புக்குக் கிடையாது. உடம்பையும் கவனியுங்கள். நல்லபாம்பின் செதில் வழவழவென்று மினுங்கும். தண்ணிப்பாம்பின் முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெல்லிய முகடு ஓடும். அதனால் தண்ணீரை விட்டு வெளியே வந்து காய்ந்ததும் சொரசொரப்பாகத் தெரியும்.

பாசி நிறத்ததை இனம் காண மூக்கின் மேல்புறம் வேண்டும். கட்டம் போட்டதற்கு இரண்டு மூக்குத் துளைகளுக்கும் இடையே இரண்டு செதில்கள். பாசி நிறத்ததற்கு ஒரே ஒரு முக்கோணச் செதில். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் இது விழவே விழாது. மேலிருந்து ஒரு படம் கட்டாயம் என்பது இதனால்தான்.

படம் எடுக்கும் முறையில்தான் இந்தச் செயலி ஜெயிப்பதும் தோற்பதும். குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஃபோனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். அதற்கு மேல் ஜூம் செய்தால் பெரும்பாலான ஃபோன்களில் செதில் கரைந்துபோகும், தண்ணிப்பாம்பு மாவில் வரைந்த கோலம் மாதிரி ஆகிவிடும். தேவையானவை நான்கு படங்கள்: தலையின் பக்கவாட்டுத் தோற்றம், தலைக்கு மேலிருந்து, நடு உடம்பின் முதுகு, முழுப் பாம்பு. நான்கும் ஒரே பாம்பு என்றால் நான்கையும் ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். தனித்தனியாக ஏற்றினால் ஒரே பாம்பு நான்கு பாம்பாகக் கணக்கில் ஏறும். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய நீந்திப் போகும் பாம்பின் படத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு “பாம்பு” என்ற பெரிய வகையோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. செயலியும் அதை அனுமதிக்கிறது.

காலை வெயிலில் படிக்கட்டு இடுக்கிலும் கரைக் கல்லிலும் இவை வந்து காயும், அதுதான் தோதான நேரம். இரவிலும் நடமாட்டம் உண்டு, ஆனால் ஃபிளாஷ் ஈரச் செதிலில் பட்டுத் திரும்பி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் இன்னொருவர் பிடித்தால் முகடுகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

படத்துக்காகப் பாம்பின் வாலைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இங்கே உண்டு. வேண்டாம். தண்ணிப்பாம்பு உடம்பை முறுக்கிச் சுழலும், வால் முறிந்து கையோடு வந்துவிடும். பல்லிக்கு முளைப்பது போல இதற்கு மறுபடி முளைக்காது. கடியும் வாங்குவீர்கள், பின்புறத்திலிருந்து நாற்றமடிக்கும் கழிவைப் பீய்ச்சியும் விடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் இது பாதுகாக்கப்பட்ட பாம்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு வசதி: பாம்பைப் பார்க்காமலே பதிவு போடலாம். பாம்புச் சட்டை போதும். கோடையில் ஊருணித் தண்ணீர் இறங்கியதும் படிக்கட்டின் கல் இடுக்குகளில் சட்டைகள் மாட்டிக்கிடக்கும். படுத்த பாம்பைவிட உரிந்த சட்டையில் செதில் எண்ணுவது எத்தனையோ சுலபம். காய்ந்து நொறுங்குகிற நிலையில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டு, வெள்ளைத் தாளில் அல்லது கண்ணாடியில் விரியுங்கள். உரியும்போது உள்பக்கம் வெளியே புரண்டிருக்கும் என்பதால் முகடு பள்ளமாகத் தெரியலாம், குழம்ப வேண்டாம். தலைக்கும் ஆசனத் துவாரத்துக்கும் நடுவில் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடிவயிற்றில் குறுக்கே ஓடும் அகலச் செதிலை விட்டுவிட்டு, அதன் ஒரு ஓரத்திலிருந்து முதுகைத் தாண்டி மறு ஓரம் வரை சாய்வாக எண்ணுங்கள். 19 வந்தால், முகடும் இருந்தால், இரண்டு தண்ணிப்பாம்புகளில் ஒன்றாக இருக்கலாம். 15 வந்து, நடு முதுகு வரிசை மட்டும் பெரிய அறுகோணமாக இருந்தால் அது கட்டுவிரியன் சட்டை, வீட்டுப் பக்கம் கிடைத்தால் உஷாராக இருங்கள். சாரைக்குப் பொதுவாக 17 அல்லது 16. கண்ணாடி விரியனுக்கு 27-இலிருந்து 33 வரை போகும், தலையில் பெரிய தட்டுகள் இல்லாமல் பொடிச் செதிலாக இருக்கும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஆனால் சட்டையின் நீளத்தைப் பாம்பின் நீளமாக எழுதிவிடாதீர்கள், உரியும்போது இழுபட்டுக் கூடுதலாகத்தான் இருக்கும். பதிவில் “சான்று” என்ற இடத்தில் உரித்த தோல் என்று குறிக்க வழி இருக்கிறது, அதைக் குறித்துவிடுங்கள்.

இனி எங்கே தவறு நடக்கிறது என்பதற்கு வருவோம். முதல் குற்றவாளி வாட்ஸாப். அங்கே வந்த படத்தை அப்படியே ஏற்றினால் படத்துக்குள் இருந்த தேதியும் இடமும் கழன்றிருக்கும். ஏற்றிய நாளையே பார்த்த நாளாகவும், வீட்டையே பார்த்த இடமாகவும் போட்டுவிடுகிறார்கள். பள்ளத்தூரில் எடுத்த படம் சென்னையில் இருக்கும் உறவினர் ஃபோன் வழியாக ஏறி, வேளச்சேரிப் பாம்பாக நிற்கும். எடுத்தவரிடமிருந்தே அசல் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். முடியாவிட்டால் தேதியையும் இடத்தையும் கேட்டுக் கையால் நிரப்புங்கள். இடம் துல்லியமாகத் தெரியாதபோது, ஊர் முழுவதையும் அடக்குகிற மாதிரி வட்டத்தைப் பெரிதாக்கிவிடுவது தவறான புள்ளியை வைப்பதைவிட மேல்.

இரண்டாவது, “ஒப்புக்கொள்கிறேன்” பொத்தான். ஒரு பதிவு ஆய்வுத் தரம் என்ற நிலைக்குப் போக, தேதி, இடம், படம் எல்லாம் இருந்து, இனம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரில் நிற்க வேண்டும். இரண்டு பேர் சொன்னாலே அது நடந்துவிடும். நண்பர் ஏற்றிய படத்துக்கு மரியாதைக்காக ஒப்புதல் தட்டினால் தவறான பெயரும் ஆய்வுத் தரமாகிவிடும். அந்தப் பதிவுகள் உலகப் பல்லுயிர்த் தரவுக் களஞ்சியமான ஜிபிஐஎஃப்புக்குப் போகின்றன. மொய் எழுதுகிற இடமில்லை அது. நீங்களே செதிலைப் பார்த்து உறுதி செய்யாத எதற்கும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, கணினியின் பரிந்துரைப் பட்டியல். அக்கம்பக்கத்துப் பதிவுகளையும் பார்த்துத்தான் அது பெயர் சொல்கிறது. பதிவு குறைவான வட்டாரத்தில் அந்த உதவி குறையும், பட்டியலில் இந்த ஊரிலேயே இல்லாத பெயர்களும் எட்டிப் பார்க்கும். ஃபௌலியா ஆஸ்பெரிமா என்று வந்தால் அது இலங்கைக்கு மட்டுமே உரியது, தள்ளிவிடலாம். ஃபௌலியா ஃபிளேவிபங்க்டேட்டா கிழக்கே மியான்மர், தாய்லாந்துப் பக்கத்தது. மணிமுத்தாற்றிலும் பாம்பாற்றிலும் திரிகிற கட்டம் போட்ட பாம்புக்கு ஃபௌலியா பிஸ்கேட்டர் தவிர வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில்தான் இந்தத் தளம் அச்சுப் புத்தகங்களை முந்துகிறது. இந்தப் பாம்புக்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஷ்னைடர், 1799-இல், ஹைட்ரஸ் பிஸ்கேட்டர் என்று. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி பேட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் வெளியிட்ட படங்கள்தான் அவருக்கு ஆதாரம். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் யாருடைய பெயரை வைத்திருக்கிறார்களோ, அதே ரஸ்ஸல்தான். அதன்பின் பேரினம், அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல், மாறிக்கொண்டே வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பட்டியல்களில் ட்ரோபிடோனோட்டஸ், 1943-இல் மால்கம் ஸ்மித்தின் நூலில் நாட்ரிக்ஸ், பிறகு நீண்டகாலம் ஸீனோக்ரோஃபிஸ். கடைசி மாற்றம் 2018-இல். ஸீனோக்ரோஃபிஸ் என்ற பேரினம் எந்த இனத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதோ, அந்தச் செராசோகாஸ்டர் வட இந்தியா, வங்காளம், அசாம் பக்கத்துப் பாம்பு. மரபணுவைப் பார்த்தபோது அதுவும் நம் ஊர்ப் பாம்பின் கூட்டமும் நெருங்கிய சொந்தமில்லை என்று தெரிந்தது. பேரினப் பெயர் அடிப்படை இனத்தோடுதான் போகும் என்பது விதி. ஆகவே பிரிந்து நின்ற கூட்டத்துக்கு, தியோபால்ட் 1868-இல் வைத்துப் புழக்கத்தில் இல்லாமல் கிடந்த ஃபௌலியா என்ற பெயரை மீட்டெடுத்தார்கள். புதிதாக ஒன்றைச் சூட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

இப்படி மாறும்போது ஐநேச்சுரலிஸ்டில் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொறுப்பாளர்கள் பெயரை மாற்றியதும் பழைய பதிவுகள் எல்லாம் தாமாகப் புதிய பெயருக்கு நகர்ந்துவிடும். தேடும் இடத்தில் ஸீனோக்ரோஃபிஸ் பிஸ்கேட்டர் என்று பழைய பெயரை முழுதாக அடித்தாலும் சரியான பக்கம் வரும். கல்லூரி விலங்கியல் துறைகளில் கண்ணாடிக் குடுவைகளில் பழைய பெயரோடு இருக்கும் மாதிரிகளுக்குச் சீட்டு மாற்ற நினைப்பவர்கள் ரெப்டைல் டேட்டாபேஸ் தளத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் எந்த ஆண்டு, யார் பயன்படுத்தியது என்ற வரிசை அங்கே முழுதாகக் கிடைக்கும். ஐநேச்சுரலிஸ்ட் அந்த வரலாற்றைக் காட்டுவதில் கஞ்சத்தனம்தான்.

தமிழ்ப் பெயர் சேர்க்கும் வசதி தளத்தில் உண்டு. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதே ஆபத்து. ஆங்கிலப் பெயரை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கிப் போடாதீர்கள், வரப்பில் நிற்கும் ஒருவருக்கும் அது புரியாது. ஊரில் சொல்கிற பெயரைப் போடுங்கள். இரண்டு இனத்துக்கும் ஒரே பெயர் என்றால் இரண்டிலும் அதையே போடுவதில் தவறில்லை.

மதிப்பெண் குறைந்ததற்கு வருகிறேன். கடிபட்ட நேரத்தில் இந்தச் செயலியைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இது உருவாக்கப்படவே இல்லை, ஆனால் அந்த எச்சரிக்கை பயனர் கண்ணில் படுகிற மாதிரி பெரிதாக இல்லை. தண்ணிப்பாம்புக்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. பல் கூர்மை என்பதால் ரத்தம் நிறைய வரும், சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசி போட்டுக்கொண்டால் போதும். இது எல்லாம் பாம்பு தண்ணிப்பாம்புதான் என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்தால் மட்டும். கணினி “தண்ணிப்பாம்பு” என்று காட்டியதை வைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. எந்தப் பாம்பு என்று தெரியாத கடிக்கு 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இங்கே கொடுக்கிறார்கள், அறிகுறியைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். படம் தேடுவதில் போகும் அரைமணி நேரத்தால் எந்தப் பயனும் இல்லை.

இன்னும் சில அமைப்புகளைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வளவிலோ பின்கட்டிலோ பாம்பைப் பார்த்திருந்தால் இடத்தை “மறைத்துக் காட்டு” என்று வையுங்கள். சுமார் 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்காவது ஒரு புள்ளியாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். காரைக்குடிப் பதிவு தேவகோட்டைப் பக்கம் நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். கண்மாய்ப் பதிவுகளுக்கு மறைக்க வேண்டாம், எந்தக் கண்மாய் என்று தெரிந்தால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு. சிக்னல் இல்லாத இடத்தில் படங்களைச் செயலிக்குள் சேமித்து வைத்து, ஊருக்குத் திரும்பியதும் ஏற்றலாம். பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் இதே அமைப்பின் சீக் செயலி தோது. கணக்கு வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆனால் அதில் ஆட்கள் வந்து சரிபார்ப்பது இல்லை.

திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1977-இலிருந்து பாதுகாக்கப்படும் அந்தக் கண்மாய்களில் நாரையோ கொக்கோ பாம்பைக் கவ்வி நிற்கும் படம் கிடைத்தால், பறவைப் பதிவோடு விட்டுவிடாதீர்கள். அதே படத்தை இரண்டாவது பதிவாக்கி, பாம்பின் பெயரில் ஏற்றுங்கள். ஒரு படத்தில் இரண்டு உயிர் இருந்தால் இரண்டு பதிவு என்பதுதான் தளத்தின் நடைமுறை. எது எதைத் தின்கிறது என்பதையும் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

மீன்பிடித் திருவிழாவிலும் அப்படித்தான். கோடையில் கண்மாய் வற்றி, ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும்போது, கெண்டையோடும் கெளுத்தியோடும் தண்ணிப்பாம்பும் மாட்டும். மீனும் தவளையும் தின்று வளர்ந்த பெரிய பாம்புகளை முழு நீளத்தில் கரையில் பார்க்க இதைவிட வாய்ப்பு கிடையாது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமானவை அப்போது தெரியும். நைலான் வலையில் சிக்கியதை இழுத்து விடுவிக்காதீர்கள், செதிலோடு தோல் உரிந்துவிடும். கத்தரியால் இழையை வெட்ட வேண்டும், பழக்கமில்லாதவர்கள் தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம். செத்துப்போனதாக இருந்தால் தயங்காமல் நான்கு படமும் எடுத்து, பதிவில் “இறந்தது” என்று குறித்து, எந்த மாதிரி வலை, கண்ணி எவ்வளவு அகலம் என்று குறிப்பில் எழுதுங்கள். மூக்குக்கு மேலிருந்து எடுக்க வேண்டிய அந்தப் படத்தையும் பயமில்லாமல், நிதானமாக அப்போது எடுத்துவிடலாம்.